பிஎஸ்பி ஃபர்ம்வேர் கோப்பை டிக்ரிப்ட் செய்வது: முழுமையான வழிகாட்டி

சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பியின் ஃபர்ம்வேருக்கான (கருவியை இயக்கும் உள்மென்பொருள்) 6.61 அப்டேட் கோப்பைப் பிரித்து, அதற்குள் மறைகுறியாக்கிப் பூட்டிக் கிடக்கும் மென்பொருள் கூறுகள், எழுத்துருக்கள், மெனுப் படங்கள் ஆகியவற்றைக் கணினியில் திறந்து பார்க்கும் நிலைக்குக் கொண்டுவருவதே இங்கே வேலை. கேம்களைப் பற்றியோ, பழுதான பிஎஸ்பியை உயிர்ப்பிப்பது பற்றியோ இதில் எதுவும் இல்லை.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது கருவிகளின் கஷ்டத்தால் அல்ல, வரிசை தவறுவதால்தான். கோப்பைச் சோதிக்காமலே கருவியை ஓட்டுகிறார்கள். வெளிவந்ததைச் சோதிக்காமலே அடுத்த கருவிக்குப் போகிறார்கள். பிழை இரண்டாம் படியில் நடந்திருக்கும், தலைவலி ஏழாம் படியில் வரும்.

ஒரு குறிப்பு: கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறது. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியமாகும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

1. உறைகளின் வரிசையை முதலில் மனதில் பதியுங்கள்

அப்டேட் கோப்பு ஒன்றுக்குள் ஒன்றாகப் பல உறைகள் போட்ட பொதி. வெளியே இருப்பது பிபிபி. இதில் பூட்டு இல்லை. எட்டுத் துண்டுகளை ஒன்றாகக் கட்டிய மூட்டை மட்டுமே.

அந்த எட்டில் கடைசித் துண்டு டேட்டா.பிஎஸ்ஏஆர். ஃபர்ம்வேர் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது, பூட்டிய நிலையில். இதைத் திறந்தால் நூற்றுக்கணக்கான தனிக் கோப்புகள் வரும்.

அவற்றில் பிஆர்எக்ஸ் என்று முடியும் நிரல்களுக்கு மறுபடியும் தனித்தனிப் பூட்டு. அந்தப் பூட்டைக் கழற்றினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் சுருக்கப்பட்ட வடிவம்; அதையும் விரித்த பிறகுதான் எல்ஃப் என்னும் உண்மையான நிரல் கையில் கிடைக்கும்.

ஆக பிபிபி, பிஎஸ்ஏஆர், பூட்டிய பிஆர்எக்ஸ், சுருக்கம், எல்ஃப். எந்த உறையில் நிற்கிறோம் என்று தெரியாமல் எந்தக் கருவியையும் ஓட்டாதீர்கள். பிஎஸ்ஏஆருக்கான கருவியிடம் பிஆர்எக்ஸைக் கொடுத்துவிட்டு "கருவி வேலை செய்யவில்லை" என்று கைவிடுபவர்கள் ஏராளம்.

பூட்டைத் திறக்கும் வேலையை பிஎஸ்பிக்குள் செய்வது கிர்க் என்ற பாதுகாப்பு வன்பொருள். அதன் சாவிகள் வெளியே தெரிந்த பிறகு, அதே வேலையைக் கணினியிலேயே செய்யும் நிரல்கள் வந்துவிட்டன. இதனால்தான் இன்றைக்கு பிஎஸ்பி கையில் இல்லாமலேயே பெரும்பகுதியை முடிக்கலாம்.

2. தொடங்குமுன் சேர்த்து வைக்க வேண்டியவை

கணினி ஒன்று. பழைய மடிக்கணினியே போதும், வேலை கனமானதல்ல. வன்தட்டில் 500 மெகாபைட் இடம் ஒதுக்குங்கள். முடிவில் அவ்வளவு வராது, ஆனால் ஒரே கோப்பை இரண்டு மூன்று விதமாகப் பிரித்து ஒப்பிட வேண்டியிருக்கும்.

உபுண்டு லினக்ஸ் இருந்தால் வேலை சுலபம். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே உபுண்டுவை நிறுவிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான மெகாபைட் இறக்க வேண்டும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு போன் டேட்டாவில் இதைச் செய்யப் பார்த்தால் பாதியில் அறுந்துவிடும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று டவுனுக்குப் போகும் நாளில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் இறக்கிப் பென் டிரைவில் எடுத்து வாருங்கள். பிறகு இணையம் இல்லாமலே மீதியைச் செய்யலாம்.

ஹெக்ஸ் எடிட்டர், அதாவது கோப்பின் பைட்டுகளைப் பதினாறின் அடிப்படை எண்களாகக் காட்டும் நிரல், ஒன்று வேண்டும். எந்த இலவச எடிட்டரும் ஆகும். இது இல்லாமல் தொடங்காதீர்கள். ஐந்தாம் படியும் எட்டாம் படியும் முழுக்க இதை நம்பித்தான்.

பிஎஸ்பியிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்குக் கூடுதலாகக் கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனியின் அசலை ஆர்வலர்கள் மாற்றியமைத்தது) போட்ட பிஎஸ்பி, குறைந்தது 200 மெகாபைட் காலியாக உள்ள மெமரி ஸ்டிக், யுஎஸ்பி வயர், ஒழுங்காக சார்ஜ் நிற்கும் பெட்டரி ஆகியவை தேவை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து அலமாரியில் கிடந்த பிஎஸ்பி என்றால் முதலில் பின்மூடியைக் கழற்றிப் பெட்டரியைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியிருந்தால் அதை சார்ஜில் போடவே கூடாது. குத்தவோ அமுக்கவோ வேண்டாம். எடுத்துத் தனியே வைத்துவிட்டு வேறொன்று வாங்குங்கள். 1000 மாதிரிக்கு 1800 மில்லியாம்பியர், 2000, 3000 மாதிரிகளுக்கு 1200 மில்லியாம்பியர் அசல் அளவு. 1000த்தின் தடித்த பெட்டரி மற்ற இரண்டின் மூடிக்குள் அடங்காது.

நம் ஊர் ஈரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மெமரி ஸ்டிக்கின் உலோகத் தொடுமுனைகளில் மங்கலான படலம் பிடித்திருக்கும். பஞ்சில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, முழுதாகக் காயவிட்டுப் போடுங்கள். மைக்ரோ எஸ்டி கார்ட் போடும் அடாப்டர் என்றால் அதன் இரண்டு பக்கத்தையும் துடைக்க வேண்டும். குளிரில் கிடந்த கருவியை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்தவுடன் இயக்காதீர்கள். உள்ளே நீர் பூக்கும். அரை மணி நேரம் விடுங்கள்.

3. உங்கள் மாதிரியைக் குறித்து வையுங்கள்

ஒரே ஃபர்ம்வேர் கோப்புக்குள் பல மாதிரிகளுக்கான கூறுகள் கலந்திருக்கும். அவற்றை 01ஜி, 02ஜி என்று இலக்கமிட்டுப் பிரித்திருப்பார்கள். 1000 மாதிரி 01ஜி. 2000 மாதிரி 02ஜி. 3000 மாதிரி 03ஜி, 04ஜி, 07ஜி, 09ஜி என்று நான்கில் ஒன்றாக இருக்கலாம். பிஎஸ்பி கோ 05ஜி. வைஃபை இல்லாத இ1000 மாதிரி 11ஜி.

3000த்தில் எந்த ஜி என்பதை வெளி ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்ல முடியாது. கஸ்டம் ஃபர்ம்வேரில் ஓடும் தகவல் காட்டும் செயலி ஒன்றால் பார்த்து, ஒரு தாளில் எழுதிவையுங்கள். பின்னால் லோட்எக்ஸெக்_01ஜி, லோட்எக்ஸெக்_02ஜி என்று ஒரே பெயரில் வரிசையாகக் கோப்புகள் வரும்போது, உங்களுடையது எது என்று தடுமாறாமல் இருக்க இதுதான் வழி.

பிஎஸ்பி கோவுக்கு அப்டேட் கோப்பே வேறு. மற்ற எல்லாவற்றுக்குமான கோப்பை வைத்துக்கொண்டு அதில் கோவின் கூறுகளைத் தேடினால் கிடைக்காது.

4. கோப்பை எடுத்தவுடன் பெயரை மாற்றுங்கள்

அப்டேட் கோப்பின் பெயர் எப்போதும் இபூட்.பிபிபி, அளவு சுமார் 30 மெகாபைட். பிஎஸ்பிக்காக ஆர்வலர்கள் சொந்தமாக எழுதும் ஹோம்ப்ரூ செயலிகளின் பெயரும் இதேதான். இங்கேதான் பெரிய ஆபத்து.

அப்டேட் கோப்பை மெமரி ஸ்டிக்கின் கேம் அடைவுக்குள் போட்டு மெனுவில் இயக்கினால், பிஎஸ்பி அதைப் பிரித்துக் காட்டாது, தன்மேல் நிறுவிக்கொள்ளும். கஸ்டம் ஃபர்ம்வேர் அழிந்துவிடும். நடுவில் கரண்ட் போனால் கருவியே எழும்பாமல் போகலாம்.

ஆகவே இறக்கிய நிமிடமே 661.பிபிபி என்று பெயர் மாற்றுங்கள். கேம் அடைவுக்குள் இந்தக் கோப்பு எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது.

அடுத்து கோப்பின் ஷா256 கணக்கை (ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) போட்டு அதே தாளில் குறியுங்கள். லினக்ஸில் ஷா256சம், விண்டோஸில் செர்ட்யூட்டில் இதற்கு உண்டு. முடிந்தால் வேறொருவர் தனியாக இறக்கிய கோப்பின் கணக்கோடு ஒப்பிடுங்கள். மலை இறக்கத்தில் சிக்னல் வந்து போகும் இடத்தில் இறக்கிய கோப்பு, முழு அளவு காட்டிக்கொண்டே நடுவில் கெட்டிருக்க முடியும்.

5. முதல் 40 பைட்டைக் கையால் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் அதிகம் தவிக்கிறார்கள். பத்து நிமிட வேலை, ஒரு முறை செய்தால் போதும்.

661.பிபிபியை ஹெக்ஸ் எடிட்டரில் திறங்கள். முதல் நான்கு பைட் 00 50 42 50 என்று இருக்க வேண்டும். பக்கத்து எழுத்துப் பத்தியில் இது ஒரு புள்ளியும் பிபிபி என்ற மூன்று ஆங்கில எழுத்துமாகத் தெரியும். வேறு ஏதாவது இருந்தால், உதாரணமாக 50 4பி என்று தொடங்கினால், உங்களிடம் இருப்பது ஸிப் கோப்பு. முதலில் அதை விரிக்க வேண்டும். கோணல் அடைப்புக்குறியோடு தொடங்கினால் ஏதோ ஒரு வலைப்பக்கம் கோப்பின் பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த நான்கு பைட் பதிப்பு எண். அதற்குப் பிறகு 8ஆம் பைட்டிலிருந்து நான்கு நான்காக எட்டு எண்கள். ஒவ்வொன்றும் ஒரு துண்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும். வரிசை: பாராம்.எஸ்எஃப்ஓ, ஐகான்0, ஐகான்1, பிக்0, பிக்1, எஸ்என்டி0, டேட்டா.பிஎஸ்பி, டேட்டா.பிஎஸ்ஏஆர். முதல் எண் வழக்கமாக 28 00 00 00. பதினாறின் அடிப்படையில் 28 என்றால் நம் கணக்கில் 40. அதாவது தலைப்பு (கோப்பின் தொடக்கத்திலுள்ள விவரப் பகுதி) முடிந்த இடத்திலேயே முதல் துண்டு தொடங்குகிறது.

நமக்கு வேண்டியது 36ஆம் பைட்டில் தொடங்கும் கடைசி எண். இந்த எண்கள் எல்லாமே பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டவை. உதாரணத்துக்கு அங்கே 40 28 37 00 என்று இருந்தால், அதைத் திருப்பி 00 37 28 40 என்று படிக்க வேண்டும். நம் கணக்கில் 36,14,784. திருப்பாமல் படித்தால் கோப்பின் அளவைவிடப் பலமடங்கு பெரிய எண் வரும். அப்படி வந்தால் திருப்ப மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.

இப்போது எடிட்டரில் அந்த இடத்துக்குத் தாவுங்கள். அங்கே 50 53 41 52 என்ற நான்கு பைட் இருந்தால், அது பிஎஸ்ஏஆர் என்ற சொல்லே. சரியான கதவின் முன் நிற்கிறீர்கள். கோப்பின் மொத்த அளவிலிருந்து இந்த எண்ணைக் கழித்தால் பிஎஸ்ஏஆரின் அளவு. இதையும் தாளில் எழுதுங்கள்.

கோப்பின் தொடக்கப் பகுதியில், பாராம்.எஸ்எஃப்ஓ துண்டுக்குள், அப்டேட்டர்_வெர் என்ற சொல்லும் 6.61 என்ற எண்ணும் வெறும் எழுத்தாகவே தெரியும். வேறு எண் இருந்தால் வேறு பதிப்பை இறக்கியிருக்கிறீர்கள்.

6. கணினியில் கருவியைக் கட்டுங்கள்

பயன்படுத்தப் போவது பிஎஸ்பிடிகிரிப்ட் என்ற திறந்த மூல நிரல். இதன் மூலத்தை இறக்கி நாமே கட்டுவது நல்லது. முன்பின் தெரியாத இடத்தில் கிடக்கும் எக்ஸி கோப்புகளுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது.

கட்டுவதற்குமுன் உபுண்டுவில் மூன்று பொதிகள் இருக்க வேண்டும்: பில்ட்-எசென்ஷியல், லிப்எஸ்எஸ்எல்-டெவ், இசட்லிப்1ஜி-டெவ். முதலாவது மூலத்தை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர். இரண்டாவது மறைகுறிக் கணக்குகளுக்கு, மூன்றாவது சுருக்கத்தை விரிப்பதற்கு. அடுத்து மூல அடைவுக்குள் போய் மேக் என்று தட்டினால் போதும்.

கட்டும்போது ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று நின்றால், அந்த வரியில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற சொல் இருக்கிறதா, இசட்லிப் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போன பொதி எது என்று அதுவே சொல்லிவிடும். பெயரில் டெவ் என்ற வால் இல்லாத பொதியைப் போட்டுவிட்டு, "போட்டேனே, வரவில்லையே" என்று நிற்பது வழக்கமாக நடக்கும் ஒன்று. வால் இல்லாதது ஓட்டுவதற்கு, வால் உள்ளதுதான் கட்டுவதற்கு.

7. மூன்று முறை ஓட்டுங்கள், இந்த வரிசையில்

முதலில் மைனஸ் எச் கொடுத்து உதவிப் பக்கத்தை வாசியுங்கள். இங்கே சொல்லும் எழுத்துகளை அந்தப் பக்கத்தோடு ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் மைனஸ் ஐ. இது எதையும் எழுதாது. கோப்பைப் பற்றிய விவரத்தை மட்டும் காட்டும். ஐந்தாம் படியில் கையால் படித்ததும் கருவி சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இங்கேயே நில்லுங்கள்.

இரண்டாம் ஓட்டம் மைனஸ் ஈ, சின்ன எழுத்து. பிஎஸ்ஏஆரைத் திறந்து கோப்புகளைப் பிரிக்கும், ஆனால் பிஆர்எக்ஸ்களின் பூட்டைக் கழற்றாது. பூட்டிய பிரதி எதற்கு என்று தோன்றும். பின்னால் ஒரு பிஆர்எக்ஸ் திறக்காமல் போனால் அதன் தலைப்பைப் பார்க்க இந்தப் பிரதிதான் உதவும். பத்தாம் படியின் ஒப்பீட்டுக்கும் இதுவே வேண்டும்.

மூன்றாம் ஓட்டத்தில் எந்த விருப்பமும் இல்லாமல் முழுதாகத் திறக்க விடுங்கள்.

இரண்டாம், மூன்றாம் ஓட்டங்களுக்குத் தனித்தனி வெளியீட்டு அடைவு கொடுங்கள். அடைவுக்கான விருப்பம் பெரிய எழுத்து ஓ. சின்ன எழுத்து ஓ என்பது தனி நிரல் ஒன்றின் வெளியீட்டுக் கோப்புக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் எதிர்பாராத இடத்தில் கோப்புகள் போய் விழும். ஒரே அடைவைக் கொடுத்தாலோ, பூட்டியதன் மேல் திறந்தது எழுதப்பட்டு, எது எதுவென்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

முடிந்ததும் எஃப்0 என்ற அடைவு வந்திருக்கும். பிஎஸ்பியின் ஃபிளாஷ்0 என்னும் உள்நினைவகத்தின் அமைப்பே இது. கேடி என்ற உள்ளடைவில் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கூறுகள், விஎஸ்எச் என்பதில் மெனு சம்பந்தப்பட்டவை, ஃபான்ட் என்பதில் எழுத்துருக்கள். ஃபிளாஷுக்குப் போகாதவை, உதாரணமாகத் தொடக்க நிரலான ஐபிஎல், தனியே இருக்கும்.

8. வெளிவந்ததைத் திறந்து பாருங்கள்

கோப்பு வந்துவிட்டது என்பதால் அது திறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மூன்றாம் ஓட்டத்தின் கேடி அடைவிலிருந்து நான்கைந்து பிஆர்எக்ஸ்களை எடுத்து ஹெக்ஸ் எடிட்டரில் முதல் நான்கு பைட்டைப் பாருங்கள்.

7எஃப் 45 4சி 46 என்று இருந்தால் எல்ஃப். வேலை முடிந்தது.

7ஈ 50 53 50 என்று இருந்தால், எழுத்துப் பத்தியில் நெளிகோடும் பிஎஸ்பி என்ற சொல்லும் தெரியும். இன்னும் பூட்டியே இருக்கிறது. இரண்டாம் ஓட்டத்தின் அடைவைத் தவறிப் பார்க்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேரின் சிக்கல் அதுதான். அது இல்லையென்றால் கருவிக்கு அந்தச் சாவி தெரியவில்லை. பூட்டிய பிஆர்எக்ஸின் தலைப்பு 336 பைட் நீளம். அதில் 208ஆம் பைட்டில் தொடங்கும் நான்கு பைட்தான் எந்தச் சாவி வேண்டும் என்பதைச் சொல்லும் அடையாளம். அந்த நான்கையும் குறித்துக்கொண்டு கருவியின் புதிய பதிப்பில் அது சேர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

1எஃப் 8பி என்று தொடங்கினால் பூட்டு திறந்துவிட்டது, ஜிஸிப் சுருக்கம் மட்டும் விரியவில்லை. ஜிஸிப் கருவியாலேயே விரிக்கலாம். சில கூறுகள் கேஎல்4ஈ, 2ஆர்எல்இசட் என்ற சோனியின் சொந்தச் சுருக்கங்களில் இருக்கும். அவற்றைப் பொதுவான கருவிகள் விரிக்காது, பிஎஸ்பிடிகிரிப்ட் விரிக்கும்.

அர்த்தமே இல்லாத பைட்டுகள் என்றால் சாவி தவறாகப் பொருந்தியிருக்கலாம், அல்லது மூலக் கோப்பு கெட்டிருக்கலாம். பூட்டிய பிரதியின் 44ஆம் பைட்டில் உள்ள எண் அந்தக் கோப்பின் முழு அளவு. வழக்கம்போலத் திருப்பிப் படித்து, வன்தட்டில் உள்ள அளவோடு பொருத்துங்கள். பொருந்தாவிட்டால் நான்காம் படிக்குத் திரும்பி மறுபடி இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

9. பிஎஸ்பியிலேயே பிரிப்பது

இதற்கான ஹோம்ப்ரூ பிஎஸ்ஏஆர் டம்பர். கணினிக் கருவியின் முடிவை உண்மையான கிர்க் வன்பொருளின் முடிவோடு ஒப்பிட விரும்பினால் இதைச் செய்யுங்கள். இல்லையேல் இந்தப் படியை விட்டுவிடலாம்.

முன்னதாகப் பெட்டரியைப் பாதிக்குமேல் சார்ஜ் செய்து, சார்ஜரையும் செருகி வையுங்கள். ஓடும்போது பிஎஸ்பி அணைந்தால் அதற்கு ஆபத்தில்லை, ஃபிளாஷில் எதுவும் எழுதப்படுவதில்லை; ஆனால் மெமரி ஸ்டிக்கின் கோப்பு அட்டவணை குழம்பிவிடும். சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்து இடிமின்னலோடு கரண்ட் போய்ப் போய் வரும். அந்த நாட்களில் காலையிலேயே வேலையை முடித்து, மின்னல் தொடங்குமுன் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

டம்பரின் சொந்த இபூட்.பிபிபியை கேம் அடைவுக்குள் தனி அடைவில் போடுங்கள். அப்டேட் கோப்பை டம்பரோடு வரும் குறிப்பேடு சொல்லும் இடத்தில், பொதுவாக மெமரி ஸ்டிக்கின் வேரில் (எந்த அடைவுக்குள்ளும் இல்லாமல்), வையுங்கள். அது இபூட்.பிபிபி என்ற பெயரை எதிர்பார்த்தால் இப்போது மட்டும் பெயரை மாற்றலாம். வேரில் இருக்கும் வரை மெனு அதைக் காட்டாது. வேலை முடிந்ததும் அங்கிருந்து அழித்துவிடுங்கள்.

இயக்கினால் எந்தப் பொத்தான் எதற்கு என்று திரையே சொல்லும். முழுதாகத் திறக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிடங்கள் பெயர்கள் வரிசையாக ஓடும்.

அந்தப் பெயர்களைக் கவனியுங்கள். சிஸ்மெம், லோட்கோர் என்று புரியும் பெயர்களாக இல்லாமல் 00023 போன்ற ஐந்திலக்க எண்களாக வந்தால், உங்கள் டம்பர் பழையது. பிந்திய ஃபர்ம்வேர்களில் கோப்புப் பெயர்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டிருக்கிறார்கள். எந்த எண் எந்தப் பெயர் என்ற அட்டவணை மாதிரிக்கு ஒன்றாகத் தனிப் பூட்டில் இருக்கிறது. பழைய டம்பருக்கு அந்தப் பூட்டு திறக்கத் தெரியாது. வெளிவந்த கோப்புகளைக் கையால் பெயர் மாற்றப் பார்க்காதீர்கள், 6.61ஐ அறிந்த பதிப்பை எடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

10. உங்கள் பிஎஸ்பியின் ஃபிளாஷோடு ஒப்பிடுவது

கஸ்டம் ஃபர்ம்வேரின் மெனுவில் ஃபிளாஷ்0ஐ யுஎஸ்பி வழியாகக் கணினிக்குக் காட்டும் வசதி உண்டு. தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள். விண்டோஸ் தானாகவே அதில் அடைவு போடும், "பழுது பார்க்கட்டுமா" என்று கேட்கும். ஃபிளாஷ்0இல் ஒரு கோப்பு பழுதானால் கருவி எழும்பாது. பிஎஸ்பியிலேயே ஓடும் கோப்பு மேலாண்மைச் செயலியால் ஃபிளாஷ்0இலிருந்து மெமரி ஸ்டிக்குக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைக் கணினிக்குக் கொண்டுபோங்கள்.

ஒப்பிட வேண்டியது இரண்டாம் ஓட்டத்தின் பூட்டிய பிரதியோடு. ஃபிளாஷில் பிஆர்எக்ஸ்கள் பூட்டிய நிலையிலேயே இருப்பதால், திறந்த பிரதியோடு ஒப்பிட்டால் எதுவுமே பொருந்தாது.

பூட்டிய பிரதியோடு ஒப்பிடும்போதும் எழுத்துருக்களும் மெனுப் படங்கள் அடங்கிய ஆர்சிஓ கோப்புகளும் பைட்டுக்குப் பைட் பொருந்தும், பிஆர்எக்ஸ்கள் பலவும் பொருந்தாது. பயப்பட வேண்டாம். அப்டேட் நிறுவப்படும்போது ஒவ்வொரு பிஎஸ்பியும் பிஆர்எக்ஸ் தலைப்பின் ஒரு பகுதியைத் தன் சொந்தச் சாவியால் மறுபடி மறைத்து எழுதுகிறது. சைன்செக் என்பது இதுதான். 128ஆம் பைட்டிலிருந்து 336 வரை மட்டும் வித்தியாசம் இருந்தால் உங்கள் ஃபிளாஷ் நலம். அதற்கு அப்பாலும் வித்தியாசம் இருந்தால், கஸ்டம் ஃபர்ம்வேர் மாற்றிய கோப்பா என்று பாருங்கள்.

இதே காரணத்தால்தான் ஒருவருடைய பிஎஸ்பியிலிருந்து எடுத்த பிஆர்எக்ஸை இன்னொருவர் தன் ஃபிளாஷில் போடக் கூடாது.

11. திறந்தவற்றை என்ன செய்யலாம்

எழுத்துருக்கள் எல்டிஎன்0 முதல் எல்டிஎன்15 வரையும், ஜேபிஎன்0, கேஆர்0 என்றும் பிஜிஎஃப் வடிவில் இருக்கும். பிஎஸ்பி கேம்களைக் கணினியில் ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டரில் சில கேம்களின் எழுத்து அசலைவிட வேறாகத் தெரிவதற்குக் காரணம் அது மாற்று எழுத்துருக்களோடு வருவதுதான். எமுலேட்டரின் ஃபிளாஷ்0 அடைவுக்குள் உள்ள ஃபான்ட் அடைவில் இவற்றை வைத்தால் அசல் எழுத்து வரும். இவற்றில் தமிழ் எழுத்துகள் இல்லை. கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் மெனு அதைச் சரியாகக் காட்டாததற்கு இதுவே காரணம்.

ஆர்சிஓ கோப்புகள் மெனுவின் படங்களையும் சொற்களையும் வைத்திருப்பவை. 00 50 52 46 என்று தொடங்கும். ஆர்சிஓமேஜ் என்ற கருவியால் பிரிக்கலாம். மெனுவின் சொற்கள் மொழிவாரியாக அடுக்கப்பட்டிருப்பதை அங்கே பார்க்கலாம். ஒரு மென்பொருளை மொழிபெயர்ப்பதற்கு எப்படித் தயார் செய்கிறார்கள் என்று கற்க நல்ல பாடம்.

எல்ஃப்களை, நிரல்களைப் பிரித்து ஆராயும் கருவியான கித்ராவில் திறக்கும்போது செயலி வகையைச் சாதாரண மிப்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் நிறைய கட்டளைகள் பிழையாகத் தெரியும். பிஎஸ்பியின் செயலி அல்லெக்ரெக்ஸ். அதற்கான கூடுதல் நீட்சியை நிறுவிய பிறகே திறங்கள். செயல்பாடுகளுக்குப் பெயர் இருக்காது, நிட் என்ற எண் மட்டும் இருக்கும். அது பெயரின் ஷா1 கணக்கில் முதல் நான்கு பைட். பயனர் பக்கச் செயல்பாடுகளுக்குப் பெயர்ப் பட்டியலைக் கொண்டு பொருத்திவிடலாம். கர்னல் பக்கத்தில் பிந்திய ஃபர்ம்வேர்களில் அந்த எண்களையே கலைத்துப் போட்டிருப்பதால், 6.61க்கென்றே தயாரித்த பட்டியல் வேண்டும். பழைய பதிப்பின் பட்டியலைப் போட்டுவிட்டு, பெயர் வரவில்லை என்று மணிக்கணக்கில் உட்காராதீர்கள்.

ஐபிஎல்லைப் பிரிக்க நினைப்பவர்கள் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது 4096 பைட் துண்டுகளாகப் பூட்டப்பட்டது. பிந்திய பதிப்புகளில் அதன் சில கட்டங்கள், செயலிச் சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் முன்தொடக்க நிரலின் பிரதி இல்லாமல் திறக்காது. அப்டேட் கோப்பில் அந்த நிரல் இல்லை. ஆகவே ஐபிஎல் பாதியில் நின்றால் உங்கள் கை தவறு செய்யவில்லை.

திறந்த கோப்புகளை யாருக்கும் அனுப்பவோ பொது இடத்தில் ஏற்றவோ வேண்டாம். பூட்டைத் திறந்ததால் உரிமை நம்முடையதாகிவிடாது. அவை இப்போதும் சோனியின் படைப்புகள். நண்பருக்கு வேண்டுமென்றால் உங்கள் தாளில் குறித்த ஷா256 கணக்கையும் இந்த வரிசையையும் கொடுங்கள். அவர் தன் கோப்பிலிருந்து எடுத்த எழுத்துருவின் கணக்கும் உங்களுடையதும் ஒன்றாக வந்தால், இரண்டு பேரும் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.